மின்சாரப் பல் பிரஷ்: கழுவ வேண்டியது எது, நனையக் கூடாதது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியவர்களுக்கும் கைவிரல் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் மின்சாரப் பல் பிரஷ் நல்லது என்று தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்னது சரிதான். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், 3 மாதங்களுக்கு மேல் பாவித்தவர்களுக்குச் சாதாரண பிரஷைவிடப் பற்படிவு 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைந்ததாகச் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரஷை எப்படிக் கழுவுவது, எங்கே வைப்பது, எந்த பிளக்கில் சார்ஜ் போடுவது என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கிரைண்டர், ஃபேன், அயன் திருத்தும் கடை வைத்திருப்பவன் நான். இப்போது இந்தப் பிரஷ்களும் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. விடுபட்டதை எழுதியே ஆக வேண்டும் என்று பட்டது.

என்னிடம் வருகிறவற்றில் பெரும்பாலானவை இங்கே வாங்கியவை அல்ல. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது தாய் தகப்பனுக்குக் கொண்டுவந்து கொடுத்தவை. எப்படிப் பல் தீட்டுவது என்று பிள்ளை ஒரு தரம் காட்டிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடும். பெட்டிக்குள் இருந்த கையேடு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கும்; அது அலுமாரிக்குள் போய்விடும். பிறகு ஒரு சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

வருகிற சந்தேகம் அநேகமாகத் தண்ணீரைப் பற்றியதுதான். "அண்ணை, கரண்ட் சாமான் எல்லோ, இதைத் தண்ணியில காட்டலாமோ?" என்று கேட்பார்கள். அந்தப் பயத்தில் பிரஷின் நுனியை மட்டும் மெல்ல நனைத்துவிட்டு, கைப்பிடியைக் காய்ந்த துணியால் துடைத்து வைத்துவிடுகிறார்கள். அதே வீட்டில் சார்ஜர், பேசின் விளிம்பில் குழாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நாள் முழுக்க பிளக்கில் கிடக்கும். பயப்படத் தேவையில்லாத சாமானுக்குப் பயந்து, பயப்பட வேண்டிய சாமானைக் கவனிக்காமல் விடுகிறோம்.

கைப்பிடிக்குள் இருப்பது ஒரு சின்ன பற்றரியும் மோட்டாரும். பழைய வகைகளில் 1.2 வோல்ட் நிக்கல் பற்றரி, புதியவற்றில் 3.6 அல்லது 3.7 வோல்ட் லித்தியம் பற்றரி. இந்த அளவு யாருக்கும் ஷொக் அடிக்காது. உள்ளே தண்ணீர் போனால் பிரஷ் பழுதாகும், அவ்வளவுதான். சார்ஜரின் கதை வேறு. அது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டில் நேராகப் பூட்டியிருக்கிறது. சார்ஜருக்கும் கைப்பிடிக்கும் இடையில் உலோகத் தொடுப்பு எதுவும் கிடையாது. சார்ஜரின் முளைக்குள் ஒரு செப்புக்கம்பிச் சுருள், கைப்பிடியின் அடியில் இன்னொன்று. இதிலிருந்து அதற்குக் காந்தப்புலம் வழியாகச் சக்தி போகிறது. டிரான்ஸ்ஃபோமர் வேலை செய்வதும் இப்படித்தான். கைப்பிடியில் சார்ஜ் போடும் ஓட்டையே இல்லாமல் மூடி அடைக்க முடிவது இதனால்தான்.

1954இல் சுவிட்சர்லாந்தில் உருவான புரொக்ஸோடென்ட் என்ற முதல் மின்சாரப் பிரஷ் சுவர்க் கரண்டிலேயே ஓடியது. 1961இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி பற்றரியில் ஓடும் கம்பியில்லாத பிரஷைக் கொண்டுவந்தது. வாய்க்குக் கிட்ட வராமல் மெயின் கரண்டைத் தள்ளி வைப்பதற்கு அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அதை மறுபடி ஈரத்துக்குள் கொண்டுபோய் வைக்கலாமா?

நல்ல பிரஷ்களில் கைப்பிடியின் தண்ணீர் தாங்கும் தரத்தை ஐபிஎக்ஸ்7 என்று கையேட்டிலோ பெட்டியிலோ போட்டிருப்பார்கள். 1 மீட்டர் ஆழத் தண்ணீருக்குள் 30 நிமிடம் கிடந்தாலும் கெடுதி வராத அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது என்று அர்த்தம். புதுச் சாமானைச் சாதாரணத் தண்ணீரில் சோதித்துக் கொடுக்கும் தரம் அது. வருடம் போகப் போக றப்பர் இறுகும், தேயும். ஆகவே வாளிக்குள் ஊறப்போட வேண்டாம், கொதிதண்ணீரும் வேண்டாம்; ஓடுகிற குழாய்த் தண்ணீரில் தாராளமாகக் கழுவலாம். சாதாரண பற்றரி போட்டுக் கழற்றுகிற மலிவு வகைகளுக்கு மட்டும் இந்தப் பேச்சு பொருந்தாது. அவற்றின் மூடி பெரும்பாலும் இறுக்கமில்லை.

கழுவாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் மேசையில் வந்து பார்த்தால் தெரியும். பிரஷின் தலையை இழுத்துக் கழற்றியதும், உள்ளே உலோகத் தண்டைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அடியில் சுண்ணாம்பு போல இறுகிய வெள்ளைப் பேஸ்ட், அதற்கு மேல் மண்ணிறக் கசடு, ஓரத்தில் கறுப்புப் பூஞ்சணம், தொட்டால் வழுக்கும். நாற்றமும் உண்டு. எச்சிலும் பேஸ்டும் தண்ணீரும் தலைக்குள் இறங்கித் தேங்கி, காற்றுப் படாமல் கிடந்ததன் விளைவு இது. தலையைக் கவிழ்த்துத் தட்டினால் உள்ளிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் சொட்டும். காலையில் வாய்க்குள் வைத்த அதே தலைதான். கொண்டுவருகிறவர்கள் பலரும் அந்தத் தலை கழலும் என்பதையே அன்றுதான் பார்க்கிறார்கள்.

இது யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் படிகிற உப்பு அல்ல. அங்கே சுண்ணாம்புக்கல் நிலம், கேத்தலிலேயே வெள்ளை படியும். கொழும்புக்கு லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தளையிலிருந்தும் வருகிற குழாய்த் தண்ணீர் அவ்வளவு கடினமானதல்ல. இங்கே வெள்ளையாகப் படிவது அநேகமாகப் பேஸ்ட்தான், தினமும் கழுவினால் படியவே படியாது.

செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை. பல் தீட்டி முடிந்ததும், பிரஷை ஓட விட்டபடியே தலையைக் குழாய்க்குக் கீழே பிடியுங்கள். தும்புக்குள் சிக்கிய பேஸ்ட் பறந்து போகும். பிறகு நிறுத்துங்கள். தலையைக் கழற்றி, அதன் உட்குழியைத் தண்ணீர் ஓட விட்டுக் கழுவுங்கள். கைப்பிடியின் தண்டையும் அதைச் சுற்றியுள்ள றப்பரையும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டையும் துடைத்துத் தனித்தனியாக நிமிர்த்தி வையுங்கள். அடுத்த முறை தீட்டும்போது பூட்டினால் போதும். கைப்பிடி நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜரில் நிறுத்த வேண்டும். கிழமைக்கு ஒரு தரம் கைப்பிடி முழுவதையும் கொஞ்சம் சோப்புத் தொட்ட ஈரத்துணியால் துடைத்து, அடிப்பக்கத்தையும் பாருங்கள். வழிந்த தண்ணீரெல்லாம் வந்து நிற்பது அங்கேதான்.

கசடு இறுகிவிட்டது என்று ஊசியையோ சேஃப்டி பின்னையோ எடுத்துத் தண்டைச் சுற்றிக் குத்துவார்கள். தயவுசெய்து வேண்டாம். தண்ணீரை உள்ளே போக விடாமல் தடுப்பதே அந்த மெல்லிய றப்பர் வளையம்தான். என்னிடம் செத்து வருகிற பிரஷ்கள் பலவற்றில் அந்த றப்பரில் குத்துக் காயம் இருக்கிறது. இறுகிய பேஸ்ட் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த பஞ்சுக்கு இளகிவிடும். கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பழைய சாதாரண பிரஷ் ஒன்றால் தேய்த்தால் வந்துவிடும். வினாகிரி, குளோரின், ஸ்பிரிட் எல்லாம் பிளாஸ்டிக்கின் நிறத்தைக் கெடுக்கும் என்று பிலிப்ஸ் கம்பனியின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. மைக்ரோவேவில் வைத்துக் கிருமி நீக்கும் யோசனையும் யாரோ சொல்லப் பரவியிருக்கிறது. தலைக்குள் உலோகத் துண்டுகள் இருக்கலாம், பிளாஸ்டிக்கும் உருகும். அந்த வேலையே வேண்டாம்.

அதே கையேட்டில் இன்னொரு வரி உண்டு. நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது அது. தேங்காய் எண்ணெயும் வாசனைத் தைலங்களும் பட்டால் தும்பு கழன்று விழக்கூடும் என்கிறது. எண்ணெய் கொப்பளித்த வாயோடு பிரஷை எடுப்பவர்கள், பல் நோவுக்குக் கிராம்புத் தைலத்தைத் தும்பில் தொட்டுத் தீட்டுபவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எண்ணெயைக் கொப்பளித்துத் துப்பி, வாயை நன்றாகக் கழுவிவிட்டுப் பிறகு பிரஷை எடுங்கள். சோடா மா அல்லது பெரொக்சைட் கலந்த வெண்மையாக்கும் பேஸ்ட் பாவிப்பவர்கள், ஒவ்வொரு முறையும் தலையைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும்; இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழக்கூடும்.

வைக்கிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் ஈரக் காற்று. தொடர்மாடிக் குளியலறைகளில் பெரும்பாலும் ஜன்னலே இருக்காது. பிரஷோடு வருகிற பிளாஸ்டிக் மூடியைத் தினமும் போட்டு வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். பிரயாணத்துக்குத்தான் அந்த மூடி. வீட்டில் திறந்து, நிமிர்த்தி, காற்றுப் பட வைக்க வேண்டும் என்பதுதான் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் அறிவுரையும். கொமட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். தண்ணீர் அடிக்கும்போது தெறிக்கும் துளிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. என் கருத்தைக் கேட்டால், படுக்கையறை மேசையே நல்ல இடம். மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: கடல் காற்றில் உப்பு இருக்கிறது. ஈரத்தோடு விட்ட தண்டில் துருப் புள்ளிகள் விழும். துடைத்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

தலையை 3 முதல் 4 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தும்பு விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. விலை கூட என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகக் கிடைப்பதை வாங்குகிறார்கள். எல்லாமே கூடாது என்று சொல்ல மாட்டேன். பூட்டிப் பாருங்கள்: ஆடக் கூடாது, இழுத்தால் சுலபமாகக் கழலக் கூடாது, தும்பை விரலால் இழுத்தால் கையோடு வரக் கூடாது. இது வெறும் சிக்கனப் பிரச்சினை அல்ல. 2012இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஸ்பின்பிரஷ் என்ற பிரஷ் வகை பற்றிப் பகிரங்க எச்சரிக்கை விட்டது. ஓடும்போதே தலை கழன்று அல்லது உடைந்து, பல் சிதைந்ததாகவும் துண்டுகள் தொண்டையில் அடைக்கக்கூடிய ஆபத்து ஏற்பட்டதாகவும் முறைப்பாடுகள் வந்திருந்தன. சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்கும் முன் வீட்டில் ஒருவர் தலையை ஆட்டிப் பார்ப்பது நல்லது. ஒரு கைப்பிடியை இரண்டு மூன்று பேர் பாவிப்பதில் தவறில்லை. தலை ஆளுக்கொன்றாக இருக்க வேண்டும். சில கம்பனிகள் தலையின் அடியில் நிற வளையம் போட்டிருப்பது அதற்குத்தான்.

இனிச் சார்ஜர். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

லண்டனிலிருந்து வருகிற சார்ஜரில் இரண்டு உருண்டை முள் கொண்ட பிளக் இருக்கும். அங்கே குளியலறையில் சவர மெஷினுக்கு சேவிங் சொக்கெட் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குள் மெயின் கரண்டிலிருந்து பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபோமர் உண்டு. நம் வீட்டுச் சுவரில் அது இல்லை. என்ன செய்கிறார்கள்? 13 அம்பியர் பொயின்ட்டின் மேல் துவாரத்தில் பேனையைக் குத்தி, உள்ளிருக்கும் மூடியைத் திறந்து, கீழே இரண்டு முள்ளையும் திணிக்கிறார்கள். கொழும்பில் இதைச் செய்யாத வீடு குறைவு. அந்த முள் அங்கே இறுக்கமாகப் பிடிக்காது. தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும், பொயின்ட் உள்ளே கருகும். பிளக்கைப் பாதி இழுத்தபடி முள்ளில் விரல் படவும் கூடும். பேனை ஈரமாக இருந்தாலோ உள்ளே கம்பியுள்ள பேனையாக இருந்தாலோ கேட்கவே வேண்டாம். இதற்கென்றே 1 அம்பியர் பியூஸ் போட்ட சேவர் அடப்டர் கிடைக்கிறது. லண்டனிலிருந்து வருகிற பிள்ளையிடம் சொக்லட்டோடு அதையும் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.

ரொறொன்ரோவிலிருந்து வருவதில் வேறு ஆபத்து. அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. சார்ஜரைக் கவிழ்த்து அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் சரியான அடப்டரோடு இங்கே பாவிக்கலாம். 120 என்று மட்டும் இருந்தால் பூட்டவே கூடாது. முள்ளை மாற்றித் தருகிற அடப்டர் வோல்ட்டைக் குறைக்காது. இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியவில்லை. பிளக் பொருந்திவிட்டது, எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். அப்படிப் பூட்டிய ஒரு சார்ஜரைக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா கொண்டுவந்தார். அடித்தட்டு உப்பி, ஒரு பக்கம் தேன் நிறத்தில் பொரிந்திருந்தது. "மகன் தந்ததெண்டு இரவு போட்டுட்டுப் படுத்தனான் தம்பி, மணம் வந்துதான் எழும்பினனான்" என்றார். அவர் எழும்பியது நல்லதாகப் போயிற்று.

சார்ஜரைத் துடைக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. ஈரமான துணியால் துடையுங்கள். முளையைச் சுற்றி நிற்கும் பேஸ்ட் தண்ணீரையும் எடுத்து, நன்றாகக் காய விட்டுப் பிறகு பூட்டுங்கள். குழாய்க்குக் கீழே பிடிக்கவே கூடாது. தப்பித் தவறிப் பேசினுக்குள் விழுந்துவிட்டால், கையை விட்டு எடுக்கப் போகாதீர்கள். முதலில் சுவரில் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். வயர் சார்ஜருக்குள் நுழையும் இடத்தில் தோல் வெடித்திருந்தால் டேப் சுற்றாதீர்கள். அது முடிந்த சார்ஜர். புதிது வாங்க வேண்டும். அநேகமான சார்ஜர்கள் ஒட்டி மூடியவை, எங்களாலும் திறந்து திருத்த முடியாது.

இத்தோடு வீட்டு ட்ரிப் சுவிட்சையும் பாருங்கள். மனிதனுக்குள்ளால் மண்ணுக்குக் கரண்ட் ஓடத் தொடங்கினால் துண்டித்து உயிரைக் காப்பது அதுதான். வீடுகளில் சாதாரணமாகப் பூட்டுவது 30 மில்லி அம்பியர் அளவு. அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை அதை அமர்த்துங்கள். டக்கென்று விழுந்தால் சரி. விழாவிட்டால் அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி மின்னல் தொடங்கினால் சார்ஜரைக் கழற்றி வையுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சார்ஜரின் காந்தப்புலம் பற்றித் தங்கள் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாவிப்பது நல்லது. கையேடுகளும் அதைத்தான் சொல்கின்றன.

பற்றரி மாற்றித் தர முடியுமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். சிலவற்றைத் திறந்து, பழையதை எடுத்துப் புதியதை ஈயம் வைத்து ஒட்டலாம். ஆனால் ஒரு தரம் திறந்தால் கம்பனி போட்ட அடைப்புப் போய்விடும், பிறகு தண்ணீர் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். கைப்பிடி உப்பியிருந்தாலோ, சார்ஜில் நிற்கும்போது வழமைக்கு மாறாகச் சுட்டாலோ, அதைப் பாவிக்க வேண்டாம், திறக்கவும் வேண்டாம். குப்பைப் பையிலும் போட வேண்டாம். நசுங்கிய லித்தியம் பற்றரி தீப்பிடிக்கும். குப்பை லொறியில் அதை அமுக்குகிறவர்களும் மனிதர்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சேர்க்க வேண்டும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். இந்தப் பிரஷ்களை இங்கே இறக்குமதி செய்து விற்பவர்கள், பெட்டிக்குள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாளாவது வைக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை கேட்க வேண்டும். கடைக்காரர் ஒருவரிடம் நானே கேட்டேன். "ஆர் அண்ணை வாசிக்கிறது?" என்றார். என் கடைக்கு வருகிற அம்மாமார் வாசிப்பார்கள். அவர்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிக்கிறவர்கள். மற்றது, சுகாதாரப் பக்கத்தில் அடுத்த முறை இப்படி ஒரு சாதனத்தைப் பற்றி எழுதும்போது, அதை எங்கே பூட்டுவது, எப்படிக் கழுவுவது என்பதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். படத்தோடு போட்டால் இன்னும் நல்லது. படம் எடுக்க என் மேசையில் சாமான் இருக்கிறது, எப்போதும் வரலாம்.

இப்படிக்கு,
மின்சாதனம் திருத்தும் வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.